சந்தூக்கு போகும் வழி

கல்முனைச் சுகாதாரக் கந்தோரின் கூரையைச் சூறாவளி பிய்த்துப்போக, தென்னங்கிடுகு வேய்ந்திருக்கிறார்கள். கிடுகு இடுக்கால் அசர் தொழுகை நேரத்து மாலை வெயில் மேசையில் சிதறிக் கிடக்கிறது. பல்கலைக்கழக மாணவர் பத்திரிகைக்கு எழுதும் றாஹிலா, பேனாவைத் திறந்தபடி காத்திருக்கிறாள். எதிரே பரிசோதகர் ஆதம்பாவா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

"கொலராதானே சேர்?"

"சும்மா வயித்தோட்டம் மகள். ஒருத்தரும் மவுத்தாகல்ல, ஒரு உசிரும் போகல்ல. அப்பிடியே எழுதுங்க."

வெளியே மணலில் செருப்புகள் உரசுகின்றன. இறந்தவரின் மையித்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வைத்து, புதைக்கும் மையவாடிப் பக்கமிருந்து நால்வர் வருகிறார்கள். அடக்கம் முடிந்த சந்தூக்கு, பாரமில்லாமல் ஆடுகிறது.

"அது வயசாளி. நெஞ்சுக்குத்து," என்கிறார் ஆதம்பாவா, தலை நிமிராமல்.

அடக்கிவிட்டு வரும் சந்தூக்கு பள்ளிவாசலுக்குத்தான் திரும்பவேண்டும். அடுத்த மையித்து விழும்வரை அதை வைக்கும் இடம் அங்கேதான். நால்வரும் பள்ளிவாசல் முடக்கில் திரும்பவில்லை. நடையை எட்டிப் போட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்குகிறார்கள். றாஹிலாவின் பேனா தாளில் ஊன்றியபடி நிற்கிறது. மை ஊறிப் பரவுகிறது. ஆதம்பாவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடிக்கிறார். சந்தூக்கு ஒரு வேலியோரம் வளைந்து, வீடுகளுக்கிடையே போகும் குறுகிய ஒழுங்கைக்குள் மறைகிறது.

"அது எங்கட வீட்டு ஒழுங்கை," என்கிறார்.