யார் பேசப் போறாங்க?

"மைக் எதுலயும் உரசக் கூடாதுங்க. துணியைச் சுத்தி, இன்னும் கிட்டக் கொண்டுபோங்க."

காலையிலிருந்து கணினி முன்னால் மனைவிக்கு இதே பாட்டுதான். அலுவலகங்களின் வீடியோ கூட்டங்களுக்கு வீட்டிலிருந்தே ஒலியைச் சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. மின்விசிறியை நிறுத்தினாள். அடுப்பிலிருந்த குக்கரை இறக்கச் சொன்னாள்.

"நான் மூச்சாவது விடலாமா?" என்றான் கணவன்.

"மெதுவா விடுங்க. இன்னைக்கு ஒரு சத்தம் தவறினாலும் போச்சு."

"அப்படி யாரு பேசப் போறாங்க? பெரிய முதலாளியா?"

அவள் திரையைப் பார்த்து, "இரைச்சலை அடக்குற வசதியை அணைச்சிடுங்க" என்றாள்.

"தினமும் அதைப் போடு போடுன்னு எல்லார் உயிரையும் வாங்குவியே!"

"அது பேச்சை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் முழுங்கிடும். பேசத் தெம்பில்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

புரியாமல் எட்டிப் பார்த்தான். திரையில் பேச்சாளர் யாரும் இல்லை. மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து குவிந்து கிடந்தது. அதன் இடுக்கில் தீயணைப்பு வீரர் ஒருவர் மைக் கட்டிய கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் நின்ற நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர்கூட இருமவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, காதிலிருந்த இயர்போன்களில் ஒன்றைக் கழற்றி அவன் காதில் வைத்தாள்.

டொக்... டொக்.

பாதாளத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. அது அடங்கியதும், இன்னும் மெலிதாக வேறொன்று பதில் கொடுத்தது.

"ஒருத்தர் இல்லீங்க," என்றாள் மைக்கில். "ரெண்டு பேர்."

திரையில் அத்தனை கைகளும் உயர்ந்தன. கூச்சல் மட்டும் எழவில்லை.

அவன் மூச்சுவிட மறந்திருந்தான்.