திறக்காத கண்ணாடி

புதிதாக எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடியில், வெளியே பலகையில் தொங்கியபடி கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவன் எதையோ கத்தினான். உள்ளே அலுவலகத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து வசுமதி பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். அவன் இல்லையென்று தலையாட்டி மேலே கை காட்டினான். பலகையைத் தாங்கிய கயிறு புரிபுரியாகப் பிரிந்துகொண்டிருந்தது.

“செல்வின் சார், ஜன்னலைத் தொறங்க!” என்று பக்கத்து மேசைக்காரரிடம் கத்தினாள்.

“இந்த பில்டிங்ல தொறக்கிற ஜன்னலே வைக்கலம்மா. ஏசி வெளிய போயிடும்னு...” சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். கீறல்கூட விழவில்லை. யாரோ மொட்டைமாடிக்கு ஓடுகிற சத்தம் கேட்டது.

வசுமதி இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்தாள். அவன் கத்துவதை நிறுத்தியிருந்தான். ஈரத் துணியை எடுத்து, அவள் முகத்துக்கு நேரே படிந்திருந்த சோப்பு நுரையை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான்.