சரிசெய்த தப்பு

கோவில்பட்டி கல்யாணத் தகவல் வெப்சைட் அலுவலகத்துக்குள் சுப்புத்தாய் மூச்சிரைக்க வந்து நின்றதுமே, அந்த சைட்டை எழுதிய செண்பகராஜ் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“மூத்தவளுக்காக மெட்ராஸ் இன்ஜினீயருக்கு விருப்பம் அனுப்புனேன். பொண்ணு பாக்க வந்தது மணியாச்சி ரயில்வேக்காரர் வீட்டு ஆளுக!”

“மன்னிச்சிருங்கம்மா. ரெண்டு பேர் ஒரே நேரத்துல லாகின் பண்ணுனா, ஒருத்தர் அனுப்புற விருப்பத்துல இன்னொருத்தர் விவரம் கலந்து, டேட்டாபேஸ்ல மாறிப் பதிஞ்சிருக்கு. நேத்தே சரிபண்ணிட்டேன். இனிமே ஒருக்காலும் அப்படி நடக்காது.”

“சரிபண்ணிட்டீங்களா!” சுப்புத்தாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்று மேசைக்கு வந்தது.

“அந்த ரயில்வேக்காரர் தங்கமான மாப்பிள்ளை, தம்பி. தை மாசம் கல்யாணம். சின்னவளுக்கும் பாக்கணும்னுல்லா ஓடி வாரேன்! அதைப் பழையபடி கலந்து விடுங்க.”