கைதட்டல் முடிந்த பிறகு

"இன்னிக்கு அந்த மேளத்தைக் கிழிச்சிட்டுத்தான் எனக்கு மறுவேலை!"

மாஸ்க்கை மாட்டிக்கொண்டு காசில்டா மாடிப்படி ஏறினாள். குடியிருப்புச் சங்கத் தலைவி. ஸ்பெயின் நாட்டுச் சரகோசா நகரின் அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவளுக்குத் தெரியாமல் லிஃப்ட்கூட நகராது.

கொரோனா ஊரடங்கு தொடங்கியதிலிருந்து, ராத்திரி எட்டு மணியானால் ஊரே பால்கனிக்கு வந்துவிடும். டாக்டர்கள், நர்ஸ்களுக்காகக் கைதட்டல். சட்டி, தட்டு, விசில்... அமர்க்களம்! ரெண்டு நிமிஷம். அப்புறம் அவரவர் வீட்டுக்குள்.

நாலாம் மாடி ஃபெர்மின் மட்டும் நிறுத்தமாட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், தனிக்கட்டை. தெருப்பக்கம்கூட வரமாட்டார். சமையலறை, குளியலறை ஜன்னல்களெல்லாம் திறக்கிற உள்முற்றத்தைப் பார்த்து நின்றுகொண்டு, தன் பெரிய மேளத்தை அடித்துத் தள்ளுவார்.

டமார்! டமார்! டமார்!

"அண்ணே! டாக்டருங்க தெருப்பக்கம் இருக்காங்க! இங்க புறாதான் இருக்கு!" மூன்றாம் மாடி பெனிக்னோ ஜன்னல் வழியாகக் கத்தினான். "காசில்டாக்கா, விடாதீங்க! அவரு ஊர்ல ஈஸ்டர் வாரம்னா ராப்பகலா மேளம். இந்த வருஷம் ஊர்வலம் கிடையாதுன்னுட்டாங்க. அந்த அரிப்பை நம்ம காதுல தீத்துக்கிறாரு!"

காசில்டா காலிங்பெல்லை அழுத்தினாள். விடாமல் அழுத்தினாள்.

ஃபெர்மின் கதவைத் திறந்தார். மேளம் கழுத்தில். ஒரு கை தாழ்ப்பாளில், இன்னொரு கை மேளத்தில். டமார்!

"நிறுத்துங்கண்ணே!"

"இன்னும் கொஞ்ச நேரம், காசில்டா."

அடித்துக்கொண்டே பின்னால் நடந்து, மறுபடி சமையலறை ஜன்னலுக்கே போனார். இவளும் துரத்தினாள்.

"பக்கத்து வீட்டு நோயெலியாவை நெனச்சுப் பாத்தீங்களா? புருஷன் ஆம்புலன்ஸ் ஓட்டறவன். கிருமியைக் கொண்டாந்துடக் கூடாதுன்னு வீட்டுப் பக்கமே வர்றதில்ல. ரெண்டு வாண்டுங்களையும் வச்சிக்கிட்டு ஒத்தையில கிடக்கா. ஆபீஸ் வேலை, பிள்ளைங்க பாடம், சமையல், எல்லாம் அந்த ஒரே மேஜையில! என்னிக்காவது ஒரு நாள் முகம் சுளிச்சிருக்காளா? போன் பண்ணினா, 'நாங்க ஜோரா இருக்கோம்க்கா'ன்னு சிரிக்கிறா. அவ பொறுமையில கால்வாசி இருக்கா உங்களுக்கு?"

டமார்!

"காது கேக்குதா இல்லையா?"

டமார்! டமார்!

அவ்வளவுதான். ரெண்டு மீட்டர் இடைவெளியெல்லாம் காற்றில் பறந்தது. காசில்டா பாய்ந்து, அவர் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கிவிட்டாள்.

மேளம் நின்றது.

"காசில்டாக்காவுக்கு ஜே!" கீழிருந்து பெனிக்னோ.

பிறகு முற்றமே அமைதியானது.

அப்போதுதான் அது கேட்டது. பக்கத்து வீட்டுக் குளியலறை ஜன்னலிலிருந்து. வாயில் துணியை அடைத்துக்கொண்டு யாரோ அழுகிற சத்தம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, அடக்க அடக்கத் திமிறிக்கொண்டு வருகிற அழுகை.

உள்ளே ஒரு கதவைச் சின்னக் கை தட்டியது.

"அம்மா... அழுறியா?"

அழுகை சட்டென்று அறுந்தது.

"இல்லடா செல்லம்! அம்மா... அம்மா பாட்டுப் பாடிப் பாக்குறேன்!"

நோயெலியாவின் குரல். போனில் சிரிக்குமே, அதே ஜோரான குரல்.

ஃபெர்மின் காசில்டா பக்கம் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"ஊரே தட்டுற நேரத்துலதான் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவா. பிள்ளைங்களுக்குக் கேக்காதுல்ல? ஆனா, அவளுக்கு அந்த ரெண்டு நிமிஷம் பத்தல."

குச்சிக்காகக் கையை நீட்டினார்.

காசில்டா கொடுக்கவில்லை. மேளத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பலம் கொண்ட மட்டும் ஓங்கி ஒரு அடி.

டமார்!

"அக்கா! உங்களுக்குமா பைத்தியம் பிடிச்சிருச்சு?"

காசில்டா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தள்ளிக்கொண்டு கத்தினாள்.

"என்னடா வேடிக்கை பாக்குறே? சட்டியை எடுத்துட்டு வா! மூணாம் மாடி, ரெண்டாம் மாடி, எல்லாரும் உள்பக்கம் வாங்க! நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் நிறுத்தக் கூடாது!"