மாமி வைத்த பொட்டு

நாணை வாயோரத்துக்கு இழுத்த நேரம்தான் சந்தனம் மணத்தது.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் இருக்கும் காட்டில், மரத்தின் மேல், எங்கிருந்து சந்தனம்?

கீழே, கல் எறிந்தால் படும் தூரத்தில் கொம்பு வைத்த மான். வருடக்கணக்காக நான் மரத்தில் ஏறிக் குந்தியிருந்தது இந்த ஒன்றுக்காகத்தான். நாணை இழுக்க உதவும் சில்லும் குறிக்காட்டியும் இல்லாத வெறும் மரவில்லால் என் முதல் மான். பொம்பிளையளுக்கு உது சரிவராது என்று வில் பழகும் இடத்தில் சிரித்த அத்தனை பேரின் வாயும் இன்றைக்கு மூடியிருக்கும்.

மான் மூக்கை உயர்த்தியது. ஒரு சீறல். வாலைத் தூக்கிக்கொண்டு, என் கணவன் மிதுனன் ஏறியிருந்த மரத்தின் பக்கமாகப் பாய்ந்துவிட்டது.

அம்பை விடாமலே நாணைத் தளர்த்தினேன். அம்பை முகர்ந்து பார்த்தேன். இறகின் அடியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வில்லின் கைபிடித் தோலிலும் அப்படியே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுச் சரஸ்வதி பூசை. பிக்கரிங்கில் எங்கள் வீட்டில் மாமி, மிதுனனின் அம்மா, புத்தகத்துக்குப் பொட்டு வைப்பார், கார்ச் சாவிக்கு வைப்பார், கிரைண்டருக்கும் வைப்பார். வைக்கட்டும். என் அம்பில் அவருக்கு என்ன வேலை?

ஒரு கிழமையாக நான் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. மணமில்லாத சவர்க்காரத்தில்தான் குளித்தேன். காட்டுக்குப் போடும் உடுப்பில் தாளிக்கிற மணம் ஏறக்கூடாதென்று, அதைக் கராஜில் ஒரு பெட்டிக்குள் மர இலைகளோடு மூடி வைத்தேன். மணம் பட்டால் மான் நில்லாது என்பது மிதுனன் சொல்லித் தந்த பாடம். அவ்வளவையும் இந்த மனுசி ஒரு விரல் சந்தனத்தால் நாசமாக்கிவிட்டார்.

நான் வேட்டைக்குப் போவதே அவருக்குப் பிடிக்காது. மகன் போனால் வீரம், மருமகள் போனால் வெட்கக்கேடு. நேற்று நான் வேலையால் வரும்போது பூசை முடிந்திருந்தது. இருட்டோடு எழும்பி வெளிக்கிட்டபோது சாமான்களை மிதுனனே வாகனத்தில் ஏற்றி வைத்திருந்தான். இல்லாவிட்டால் வீட்டிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

அந்தப் பக்கம் நாண் அதிரும் சத்தம் கேட்டது. பிறகு மிதுனனின் கூச்சல்.

இறங்கி ஓடினேன். மான் இலைகளுக்குள் சரிந்து கிடந்தது. அவனுக்கும் இதுதான் முதல் மான். இத்தனை வருடமும் வெறுங்கையோடு திரும்பியவன் சின்னப்பிள்ளை மாதிரிக் குதித்தான். எனக்குச் சந்தோசம் என்று சொன்னால் அது பொய். அது என்னுடைய மான்.

பொட்டின் தடமே இல்லாத தன் வில்லைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொம்பைப் பிடித்து மானின் தலையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு படம் எடுக்கச் சொன்னான்.

தொலைபேசியை எடுத்தேன். படத்துக்கு அல்ல. மாமியை அழைத்தேன். கொஞ்சத் தூரம் தள்ளிப் போய் நின்று, வாய்க்கு வந்தபடி ஏசினேன். மகனின் வில்லை விட்டுவிட்டு என் வில்லில் மட்டும் ஏன் கை வைத்தீர்கள் என்று கத்தினேன்.

நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். மாமியும் கோபமாகத்தான் பேசினார்.

"ரெண்டு பேற்ற வில்லுக்கும் அம்புக்கும்தான் பிள்ளை வைச்சனான். உவன்தான் ராத்திரித் தன்ரதைச் சவுக்காரம் போட்டுக் கழுவினவன். சாமிக்கு வைச்சதைக் கழுவாதை எண்டு எவ்வளவு சொன்னனான். உன்ரதையும் கழுவப்போறான் எண்டு பயந்துபோனன். நல்ல காலம், அது அப்பிடியே கிடக்கட்டும் எண்டுபோட்டான்."

மிதுனன் மானின் தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு காத்திருந்தான்.

நான் ஸ்பீக்கரைப் போட்டு, தொலைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மாமி, இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."