பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம்

வெண்டி கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். மேசை மேல் சுடச்சுட இஞ்சி கேக், துணி போட்டு மூடி, கிளம்பத் தயாராக இருந்தது.

"டெஸ்மண்ட் வீட்டுக்கா?" என்றான் கீத், தெரியாதவன் மாதிரி.

"ஆமா. பாவம், தனி ஆளு. கொஞ்ச நேரம் சீட்டு ஆடிட்டு வந்துடறேன்."

பாவமாம்! இத்தனை வருஷம் கூடவே குப்பை கொட்டிய புருஷனுக்குக் கருகிய ஓரத் துண்டு. இப்போதுதான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவனுக்கு முழுக் கேக். கீத்துக்கு வயிறு எரிந்தது.

அந்த டெஸ்மண்டுக்கு இந்த வயதிலும் தலை நிறைய முடி. அது வேறு கீத்துக்கு ஆகவில்லை. வீடு வீடாகப் போய்க் கதவு தட்டுகிற ஏதோ வேலையாம். நிறையப் பேர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துகிறார்களாம். வெண்டிதான் ஒருநாள் உச்சுக்கொட்டிச் சொன்னாள்.

"இன்னிக்கு வீட்லயே இரேன். ரெண்டு பேரும் உக்காந்து ரக்பி பாக்கலாம்" என்று மடிக்கணினியைத் திறந்தான்.

"லைசென்ஸ் கட்டாத வீட்ல டிவி பாக்க எனக்குப் பயமா இருக்கு, கீத்." டிவி பார்க்க வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும், கட்டாமல் மாட்டினால் அபராதம் என்பது அந்த நாட்டுச் சட்டம்.

"இது டிவியா? டிவியத்தான் போன வருஷமே வித்துத் தொலைச்சாச்சே. கம்ப்யூட்டருக்கு எவன் லைசென்ஸ் கேப்பான்?"

"நேரடியா ஓடுறத எதுல பாத்தாலும் கட்டணும். எத்தன தடவதான் சொல்றது?"

"உனக்கு யார் சொன்னா?"

வெண்டியின் முகம் சிவந்தது. "கேள்விப்பட்டேன்" என்று கேக்கைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

அந்தச் சிவப்பைக் கீத் கவனித்தான். இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தான். வழக்கமாகச் சனிக்கிழமை மாலை நடக்கிற ரக்பி ஆட்டம் போன வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. உடனே இவளும் டெஸ்மண்ட் வீட்டுக்குப் போவதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.

'நான் நாற்காலிய விட்டு எந்திரிக்காத நேரமாப் பாத்துல்ல போறா!' என்று பல்லைக் கடித்தான்.

ஆட்டம் ஆரம்பித்தது. இவன் வர்ணனைச் சத்தத்தைக் கூட்டினான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் உடனே பேண்டு வாத்தியப் பாட்டு ஒன்று முழங்கியது.

இவன் இன்னும் கூட்டினான். அங்கேயும் இன்னும் கூட்டினார்கள். அலமாரியில் தேநீர்க் கோப்பைகள் கிடுகிடுத்தன.

'என் காதுல விழக் கூடாதுன்னு அப்படி என்னய்யா பேசுறீங்க ரெண்டு பேரும்?'

அப்போது வெண்டியின் சிரிப்பு கேட்டது. அவ்வளவுதான், கீத் எழுந்துவிட்டான். அவள் கையோடு வருவாளா, இல்லை அங்கேயே இருந்துவிடுவாளா, இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

ஆனால் ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரன் மானத்தை விட்டாலும் விடுவான், ரக்பியை விடுவானா? மடிக்கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஓடுகிற ஆட்டத்தோடு அதை முழங்கையில் தாங்கிக்கொண்டு புறப்பட்டான்.

பக்கத்து வீட்டுக் கதவு தாழிடவில்லை. உள்ளே மேசைக்கு அந்தக் கோடியில் டெஸ்மண்ட், இந்தக் கோடியில் வெண்டி. இருவர் கையிலும் சீட்டு.

"அட, வாங்க கீத்!" டெஸ்மண்ட் பாட்டை மிஞ்சிக் கத்தினான். "நானே உங்க வீட்டுக்கு வந்து உங்களோட பேசிட்டிருக்கலாம்னுதான் வாராவாரம் சொல்றேன். வெண்டி விட மாட்டேங்கறாங்க."

"விட மாட்டா! எப்படி விடுவா?" என்றான் கீத்.

வெண்டியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "கீத், அத மூடு. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன், மொதல்ல அத மூடிட்டு வீட்டுக்குப் போ."

"எதுக்கு மூடணும்? நான் எதுக்குப் போகணும்?" கீத்தின் குரல் உடைந்தது. "நம்ம வீட்ல இல்லாதது இங்க என்ன கொட்டிக் கெடக்கு? சீட்டு ஆடணும்னா நான் ஆட மாட்டேனா? இதோ பாரு, ஆட்டம்! இந்த நிமிஷம் நேரடியா ஓடிட்டிருக்கு."

"கீத், வாய மூடு!"

"லைசென்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! ஒவ்வொரு வாரமும் ஜம்முன்னு இப்படித்தான் பாக்கறேன். என்கூட உக்காந்து பாக்க உனக்கு என்ன கேடு?"

டெஸ்மண்ட் திரையைப் பார்த்தான். கீத்தைப் பார்த்தான். மெல்ல எழுந்து பாட்டை நிறுத்தினான். வர்ணனையாளரின் கூச்சல் மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

கதவோரம் தொங்கிய கோட்டுப் பையிலிருந்து நாடா கோத்த அடையாள அட்டை ஒன்றை எடுத்து, டெஸ்மண்ட் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

"மன்னிக்கணும் கீத். நான் டிவி லைசென்ஸ் ஆபீஸ் ஆளு. கட்டாதவங்கள வீடு வீடாப் போய்ப் புடிக்கறதுதான் என் வேல. வெளிய தெரிஞ்சா தெருவுல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேச மாட்டாங்கன்னு, வெண்டிகிட்ட மட்டும்தான் சொல்லி வெச்சிருந்தேன். இப்ப நீங்களே தூக்கிட்டு வந்து காட்டிட்டீங்க. நான் பாக்கலன்னு எப்படிச் சொல்றது?"

கீத் திரும்பி வெண்டியைப் பார்த்தான். அவள் கையிலிருந்த சீட்டை மேசையில் விசிறி எறிந்தாள்.

"உன்னக் காப்பாத்தத்தானே பாவி மனுஷா, வாராவாரம் இவரை இங்கயே உக்கார வெச்சேன்!"