வண்டிப் பத்திரத்தின் பின்பக்கம்

"வாசி டெல்மர். விக்கிறவன் வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று வண்டியை வாங்க வந்த சபை மூப்பர் கார்ல்டன் வண்டிப் பத்திரத்தை நீட்டினார்.

டெல்மர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். குவாரியில் கல் உடைத்த கை.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன் மூப்பரே. நீங்களே வாசிங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வேதம் வாசிச்சா மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குதே!"

"அதுலதான் தொண்டை கட்டிக் கெடக்கு. கண்ணாடி இல்லேன்னா கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு வாசிப்பா."

டெல்மருக்குக் காது சுட்டது. கண்டுபிடித்துவிட்டாரா? அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவன் மனைவி ஓப்பல் ஒருத்திக்குத்தான் தெரியும். காகிதம் என்று எது வந்தாலும் அவள்தான் பார்ப்பாள். தன் பெயரை எழுத மட்டும், கோலம் போடுவதுபோல் அவனுக்குப் பழக்கிவிட்டிருந்தாள். போன வசந்தத்தில் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்த மனிதர் வாயைத் திறந்தால் சபை முழுக்கச் சிரிக்கும்.

வண்டிகளைப் பதிவு செய்யும் கவுண்டி ஆபீஸ் வாசலில் நின்ற தன் பிக்கப் வண்டியின் பானட்டில் பத்திரத்தை விரித்தான். பின்பக்கத்தில் விரலை ஓட்டினான்.

"இந்த வண்டி... டெல்மர் ஸ்டைப்ஸுக்குச் சொந்தம். ஓடின மைலு நெசம். கடன் கிடன் எதுவும் இல்ல. மனசார விக்கிறேன்."

எல்லாம் அவனாக இட்டுக்கட்டியது. மூப்பரோ அவன் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"அப்படியேதான் இருக்கு. ஒரு எழுத்து பிசகல."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்தான் டெல்மர். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"கையெழுத்து எங்க மூப்பரே? மேலயா, கீழயா?"

அவர் விரல் சற்று நேரம் காற்றில் நின்றது. பிறகு ஒரு கோட்டின் மேல் இறங்கியது. "இங்க."

டெல்மர் தன் பெயரை வரைந்தான். மிச்சமிருந்த கோட்டில் மூப்பர் போட்டார்.

உள்ளே கவுன்ட்டரில் இருந்த பெண் பத்திரத்தைப் பார்த்தாள். இருவரையும் பார்த்தாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க? விக்கிறவர் இடத்துல மூப்பர் பேரு. வாங்குறவர் இடத்துல டெல்மர் பேரு. டெல்மர் வண்டிய டெல்மருக்கே வித்திருக்கீங்க மூப்பரே!"

வரிசையில் நின்ற தீவனக் கடைக்காரன் விடுவானா? "அப்படியே என் டிராக்டரையும் எனக்கே வித்துக் குடுங்க மூப்பரே! கமிஷன் தந்துடறேன்!"

சிரிப்பில் சுவரெல்லாம் அதிர்ந்தது. மூப்பரின் முகம் கழுத்துவரை சிவந்துபோனது. தன்னால் ஒரு நல்ல மனிதருக்கு அவமானம் என்று டெல்மருக்குத் தோன்றியது. அவர் காட்டிய கோட்டை விட்டுத் தன் கைதான் தவறிப் போயிருக்கும்.

"அடிச்சுத் திருத்தலாமாம்மா?" என்றான்.

"அடிச்சா செல்லாது. புதுப் பத்திரத்துக்கு விண்ணப்பம் போடணும். மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்காமலா போட்டீங்க?"

டெல்மர் தொப்பியைக் கழற்றினான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தப்பு என்னுது. மூப்பரைப் பாத்து யாரும் சிரிக்காதீங்க."

தீவனக் கடைக்காரன் தரையைப் பார்த்தான். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு விண்ணப்பத்தை மூப்பரிடம் கொடுத்தாள்.

"அந்த பெஞ்சுல உக்காந்து இவருக்கு வாசிச்சுக் காட்டுங்க ஐயா."

இருவரும் மூலையில் போய் உட்கார்ந்தார்கள். டெல்மர் குனிந்த தலை நிமிராமல் காத்திருந்தான். வாசிப்புச் சத்தமே வரவில்லை. நிமிர்ந்து பார்த்தான். மூப்பர் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கிறதெல்லாம்," என்றார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "சனிக்கிழமை முழுக்க என் பொஞ்சாதி சொல்லிச் சொல்லி என்னை மனப்பாடம் பண்ண வைக்கிறது டெல்மர்."